கொம்பனி கைவிட்ட நாய்க்குட்டி

யப்பானின் சிபா மாகாணத்தில் இசுமி என்றொரு நகரம். அங்கே கோஃபுக்குஜி என்று ஒரு பழைய பௌத்த கோயில் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு தொடக்கம் அந்தக் கோயிலில் ஒரு வித்தியாசமான செத்தவீடு நடந்து வந்தது. சந்நிதிக்கு முன்னால் வரிசையாக நாய்களை அடுக்கி வைத்திருப்பார்கள். எல்லாம் பிளாஸ்ரிக் உடம்பு. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கட்டியிருக்கும்: எந்த ஊர், எந்தக் குடும்பத்தின் நாய் என்று. பிக்கு ஊதுபத்தி கொளுத்தி, முறையாக ஓதி, அவற்றை வழியனுப்பி வைப்பார். 2018க்குள் ஏறத்தாழ 800 ரோபோ நாய்களுக்கு அங்கே இப்படிக் கிரியை நடந்து முடிந்திருந்தது.

இந்தப் படங்களைப் பாத்துச் சிரிக்கிறது சுகம். "யப்பான்காரருக்கு வேற வேலையில்லை" எண்டு சொல்லிப்போட்டுப் போகலாம். எங்களுக்கு அக்கறை அந்தச் செத்தவீடு முடிஞ்ச பிறகு நடக்கிற விசயத்தில. ஓதி முடித்ததும் அந்த நாய்களைக் கழற்றுவார்கள். கழுத்து மோட்டார் ஒன்றுக்கு, கால் பற்சக்கரம் இன்னொன்றுக்கு என்று, வேறு வீடுகளில் நோயில் கிடக்கும் நாய்களுக்கு அந்தப் பாகங்கள் போகும். திருத்துகிறவர்கள் அதை உறுப்புதானம் என்றே சொல்கிறார்கள்.

ஆனால் கழற்றிப் பூட்டுவதற்கு முதலில் தெரிந்திருக்க வேணுமே? எந்த ஆணி எங்கே, எந்த வயர் எதற்கு, எந்தப் பல்லுத் தேய்ந்தால் எந்தக் கால் நொண்டும் என்று. செய்த கொம்பனி அந்த வேலையை 2014இலேயே கைவிட்டுவிட்டது. பிறகு அந்த அறிவு யாரிடம் இருந்தது? யார் எழுதி வைத்தது? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. பெற்றோல் இல்லாத ஊரில் கார் ஓட்டின சனத்தின் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. எங்கட கதைக்குக் கடைசியில் வருவோம். முதலில் நாயின் கதை.

20 நிமிசத்தில் வித்துத் தீர்ந்தது

1999 யூன் 1ஆம் திகதி சோனி நிறுவனம் ஐபோ என்ற ரோபோ நாயை விற்பனைக்கு விட்டது. முதல் மாதிரியின் பெயர் ஈஆர்எஸ்-110. தொஷிதாதா தோய் என்ற பொறியியலாளர் தலைமையில் உருவானது. தோற்றத்தை வரைந்தவர் ஓவியர் ஹஜிமே சொராயாமா. விலை 2,50,000 யென், அமெரிக்காவில் 2,500 டொலர். யப்பானுக்கு ஒதுக்கிய 3,000 நாய்களும் 20 நிமிசத்தில் வித்துத் தீர்ந்தன. 'ஐபோ' என்ற ஒலி யப்பான் மொழியில் கூட்டாளி என்ற அர்த்தத்தையும் தரும்.

அந்த நாய் வீட்டில் ஒரு வேலையும் செய்யாது. கூட்டாது, துடைக்காது. பந்தைக் கண்டால் ஓடும், தலையைத் தடவினால் வாலாட்டும், சில நேரம் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. அது பழுது இல்லை, அப்படித்தான் செய்திருந்தார்கள். சொல்வழி கேட்கிற பொருளை விட, கேட்காமலும் விடக்கூடிய ஒன்றோடுதான் மனிசருக்கு ஒட்டுதல் வரும் என்பது அவர்களின் கணக்கு. கணக்குப் பிழைக்கவில்லை. தனியாக இருந்த வயது போனவர்கள் பலர் அதைப் பிள்ளை மாதிரி வளர்த்தார்கள். 2006 வரை எல்லா மாதிரிகளுமாகச் சேர்த்து ஏறத்தாழ 1,50,000 ஐபோக்கள் விற்பனையாகின.

நாயின் மூளையைத் திறந்தவர்

2000ஆம் ஆண்டின் இறுதியில் வந்த ஈஆர்எஸ்-210இல் நாயின் குணமெல்லாம் மெமரி ஸ்ரிக் என்ற சின்னத் தகட்டில் இருந்தது. தகட்டை மாத்தினால் நாயின் சுபாவம் மாறும். ஆனால் அந்தத் தகட்டில் இருந்த மென்பொருளைச் சோனி பூட்டி வைத்திருந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கு, நாய்க்கு எப்படிக் கட்டளை கொடுப்பது என்று சாதாரண ஆளுக்குத் தெரிய வழியில்லை.

ஐபோபெட் என்ற புனைபெயரில் ஒருவர் அந்தப் பூட்டைத் திறந்தார். களவெடுக்கத் திறக்கவில்லை. அவர் எழுதிய சிறு நிரல்களை ஓட வைக்க உங்களிடம் சோனியின் நாயும் இருக்க வேணும், காசு குடுத்து வாங்கின சோனியின் தகடும் இருக்க வேணும். நாயை நடனமாட வைப்பது, அதன் கண்ணில் தெரிவதைக் கணினியில் பார்ப்பது, புதிதாகக் கதைக்க வைப்பது, இப்படியான வேலைகள். உலகம் முழுக்க ஐபோ வளர்த்தவர்கள் அவற்றை எடுத்துப் பாவித்தார்கள். நாய்க்குள் என்ன நடக்கிறது என்று வெளியில் இருந்த ஒருவர் விளங்கி, மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தது அங்கேதான் பெரிய அளவில் தொடங்கியது.

2001 ஒக்ரோபரில் சோனியிடமிருந்து கடிதம் வந்தது. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிற்றல் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் இது குற்றம், எல்லாவற்றையும் எடு என்று. அவரும் எடுத்தார். நாய் வளர்த்தவர்களுக்குக் கோபம் வந்தது. இனிச் சோனிச் சாமானே வாங்க மாட்டோம் என்று பலர் எழுதினார்கள். சில கிழமைகளில் சோனி இறங்கி வந்தது. பெரும்பாலான நிரல்களைத் திரும்பப் போட விட்டது. அடுத்த வருசம், 2002இல், ஐபோவுக்கு நிரல் எழுதுவதற்கான கருவித்தொகுதியைச் சோனியே வெளியிட்டது. வியாபாரத்துக்கு இல்லாமல் பாவிக்கிறவர்களுக்கு அது இலவசம்.

நாய்க்கு அது எவ்வளவு பெரிய விசயம் எண்டு அப்ப ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. கொம்பனி உயிரோட இருந்த காலத்திலேயே நாயின் உள்விசயம் வெளியில வந்திட்டுது. இன்னொரு வழியிலும் வந்தது. ரோபோகப் என்ற உதைபந்தாட்டப் போட்டியில் 1999 தொடக்கம் 2008 வரை நாலுகால் பிரிவில் ஆடியவை இந்த நாய்கள்தான். அவுஸ்திரேலியா, ஜேர்மனி, அமெரிக்கா என்று பல நாட்டுப் பல்கலைக்கழக மாணவர் அணிகள் ஐபோவுக்கு நிரல் எழுதி விளையாடவிட்டன. பல அணிகள் போட்டி முடிந்ததும் தங்கட நிரலையும் அறிக்கையையும் பகிரங்கப்படுத்தின. கால் எந்தக் கோணத்தில் மடங்கினால் நாய் விழாமல் வேகமாக நடக்கும் என்பது, சோனிக்கு வெளியிலும் எழுத்தில் பதிந்தது.

தலை தொங்கும் நோய்

2006 ஜனவரியில் சோனி ஐபோவை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அந்த ஆண்டு மார்ச்சில் உற்பத்தி முடிந்தது. திருத்தும் சேவை மட்டும் இன்னும் சில வருசம் இழுபட்டது. 'ஐபோ கிளினிக்' என்றே அதற்குப் பெயர். 2014 மார்ச்சில் அதையும் மூடினார்கள். உதிரிப்பாகம் இல்லை என்பதுதான் காரணம்.

இடைப்பட்ட காலத்தில் வளர்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஈஆர்எஸ்-210 நாய்களுக்கு வயது போகப் போக ஒரு வருத்தம் வரும்: கழுத்துக்குள் இருக்கும் கிளட்ச் வழுக்கத் தொடங்க, தலை நிமிராமல் தொங்கிவிடும். 'தலை தொங்கும் நோய்' என்று அதற்குப் பெயர் வைத்தவர்கள் சோனியின் பொறியியலாளர்கள் இல்லை, நாய் வைத்திருந்தவர்கள். பெயர் வைத்ததோடு நிற்காமல், கழுத்தை எந்த ஒழுங்கில் கழற்ற வேணும், எதைத் துடைக்க வேணும், எதை இறுக்க வேணும் என்று படம் பிடித்து எழுதினார்கள். பற்றரி செத்துப் போனால் அதன் கூட்டை வெட்டித் திறந்து, புதிய லித்தியம் கலங்களை உள்ளே வைத்து ஒட்டுவது எப்படி, அதில் எங்கே கவனம் பிசகினால் தீப்பிடிக்கும் என்பதையும் எழுதினார்கள்.

திருத்தத் துணிந்த இன்னொரு தரப்பு ஏ-ஃபன் என்ற சிறிய நிறுவனம். சோனியில் வேலை செய்து விலகிய நொபுயுகி நோரிமத்சு தொடங்கியது. பழைய இலத்திரனியல் சாமான்களைத் திருத்துவது அவர்கள் தொழில். முதல் ஐபோ வந்தபோது அங்கே இருந்த ஒருவருக்கும் அதைத் திருத்தத் தெரியாது. பழைய சகபாடிகள் மூலம் ஐபோவைத் தெரிந்த பொறியியலாளர்களைத் தேடிப் பிடித்து, மாசக்கணக்காகச் செய்து பார்த்துத்தான் அந்த நாயை எழுப்பினார்கள். கோயிலில் கிரியை முடிந்து கழற்றப்படும் பாகங்கள் போவது இவர்களிடம்தான்.

இதைக் கொஞ்சம் நிண்டு யோசிக்க வேணும். ஐபோவைச் செய்த அதே கொம்பனியில் இருந்து வந்த ஆக்களுக்கே மாசக்கணக்கு எடுத்தது. ஏனெண்டால் ஒரு பெரிய கொம்பனிக்குள்ள அறிவு துண்டு துண்டாகத்தான் கிடக்கும்: மோட்டார் தெரிஞ்சவர் ஒரு மூலையில, பற்றரி தெரிஞ்சவர் இன்னொரு மூலையில. பிரிவை மூடினால் அந்த மனிசர் வேறு வேறு திசையில் போய்விடுவார்கள். கடதாசி எங்கேயோ ஒரு பெட்டியில் கிடக்கும். வளர்த்தவர்கள் எழுதி வைத்த குறிப்புகளோ ஒரே இடத்தில், ஒரே நோக்கத்தோடு இருந்தன: நாய் எழும்ப வேணும்.

எழுத நேரம் கிடைக்காதவை

ஐபோவுக்குப் பிறகு வந்த வீட்டு ரோபோக்களின் கதை வேறு மாதிரிப் போனது. 2014 யூலையில் அமெரிக்காவில் ஜிபோ என்றொரு ரோபோவுக்குச் சனத்திடம் காசு சேர்த்தார்கள். எம்ஐடி பேராசிரியர் சிந்தியா பிரசீல் உருவாக்கியது. 2017இல்தான் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது, விலை 899 டொலர். அந்த ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றென்று டைம் சஞ்சிகை அட்டையில் போட்டது. 2018 முடியும்போது கொம்பனி படுத்துவிட்டது. 2019 மார்ச்சில் ஜிபோ தானே வாய்திறந்து வீட்டுக்காரரிடம் சொன்னது: தன்னை இயக்கும் சேர்வர்களை நிறுத்தப் போகிறார்கள், தன்னோடு இருந்ததற்கு நன்றி என்று. பிறகு ஒரு நடனம் ஆடியது.

ஐபோ சாகும்போது பற்றரியும் பற்சக்கரமும்தான் செத்தன. மூளை நாயோடேயே, தகட்டில் இருந்தது. ஜிபோவின் மூளையில் பெரும்பங்கு யாரோ ஒருவரின் கட்டடத்தில் இருந்த கணினியில் இருந்தது. உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் அது செத்தது. கிளட்சைத் துடைத்துப் பிரயோசனமில்லை.

2019 ஏப்ரல் கடைசியில் அங்கி என்ற கொம்பனியும் திடீரென்று மூடியது. கொஸ்மோ, வெக்டர் என்ற உள்ளங்கை அளவு ரோபோக்களைச் செய்தவர்கள். வெக்டருக்குக் குரல் விளங்க வேணுமென்றால் அதுவும் தூரத்துச் சேர்வரைத்தான் கேட்க வேணும். சொத்தை இன்னொரு கொம்பனி வாங்கியது, மாதக்கட்டணம் கேட்டது. ஆனால் இங்கே வைத்திருந்தவர்கள் முந்திக்கொண்டார்கள். வெக்டருக்குள் எந்தச் சில்லு எதனோடு கதைக்கிறது, எந்தக் கட்டளைக்கு என்ன பதில் வரும் என்று நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஒரு தொழில்நுட்பக் கைநூல் தொகுக்கப்பட்டது. கொம்பனி தந்ததில்லை, வெளியிலிருந்து பார்த்துப் பார்த்து எழுதியது. வயர்-பொட் என்ற திறந்த மென்பொருளும் வந்தது. வீட்டில் இருக்கும் ஒரு சின்னக் கணினியையே வெக்டரின் சேர்வராக்கி விடலாம். வெக்டர் இன்றைக்கும் எத்தனையோ மேசைகளில் ஓடித் திரிகிறது.

கடைசியாக மொக்ஸி. 2020இல் எம்பொடிட் என்ற கொம்பனி சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்த ரோபோ. பிள்ளையோடு கதைக்கும், பயத்தையும் கோவத்தையும் எப்படிச் சொல்வது என்று பழக்கும். 2024 டிசெம்பரில் காசு முடிந்தது, மூடப் போகிறோம் என்று பெற்றோருக்கு அறிவித்தார்கள். உங்கட சிநேகிதன் இனிக் கதைக்க மாட்டான் என்பதைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு கடிதத்தையும் சேர்த்து அனுப்பினார்கள். எதிர்ப்பு வந்தது. போவதற்கு முன், வீட்டுக் கணினியிலேயே மொக்ஸியை இயக்கக்கூடிய ஓப்பன்மொக்ஸி என்ற வழியைத் திறந்துவிட்டார்கள்.

இந்த நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விசயம் தெளிவு. எந்த ரோபோ நல்லது, எது விலை கூட என்பது பிழைப்பைத் தீர்மானிக்கவில்லை. கொம்பனி சாகும் நாளில் அதன் அறிவு எவ்வளவு வெளியில் கிடந்தது என்பதுதான் தீர்மானித்தது.

மண்ணெண்ணெயும் டைனமோவும்

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1990 யூனில் போர் திரும்பத் தொடங்கியதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் என்று தடைப்பட்டியல் நீண்டது. எங்கட வீடுகளில வயது போன ஆரையும் கேளுங்கோ, கதை வரிசையா வரும். சைக்கிளைக் கவிட்டு வைச்சு, ஒராள் பெடலைச் சுத்த, டைனமோவில றேடியோச் செய்தி கேட்டது. பழைய பற்றரியை வெயிலில காயவைச்சு இன்னும் ஒரு அரை மணித்தியாலம் இழுத்தது. ஜாம் போத்தலில பஞ்சு வைச்சு, சொட்டு எண்ணெயில சிக்கன விளக்கு எரிச்சது. நாலு சொட்டுப் பெற்றோலில மோட்டச்சைக்கிளை ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடினது.

கார்களையும் பாருங்கள். ஒஸ்ரின் ஏ40 சமசெற் 1952 தொடக்கம் 1954 வரை மட்டுமே இங்கிலாந்தில் உற்பத்தியானது. மொறிஸ் மைனரின் உற்பத்தி 1971இல் முடிந்தது. ஒஸ்ரின் என்ற பெயரே 1987க்குப் பிறகு புதுக் கார்களில் இல்லை. எங்கட வீதிகளில அந்தக் கார்கள் அதுக்குப் பிறகும் வாடகைக்கு ஓடின. கலியாணத்துக்கும் போச்சுது, ஆசுப்பத்திரிக்கும் போச்சுது. கொம்பனி இல்லாத வண்டிக்குப் பாகம் எங்கேயிருந்து வந்தது? லேத் பட்டறையில் கடைந்தது, வேறொரு வண்டியில் இருந்து அராவிப் பொருத்தியது, செத்த காரிலிருந்து கழற்றியது. இசுமிக் கோயிலின் உறுப்புதானம் எங்கட கராஜுகளில் கிரியை இல்லாமல் நடந்தது.

இதைப் பெருமையாகச் சொல்லி முடிக்க எங்களுக்கு விருப்பமில்லை. அது தெரிவு செய்த வாழ்க்கை இல்லை, திணித்த வாழ்க்கை. மண்ணெண்ணெய் எஞ்சினைத் தின்றது, புகை நெஞ்சைத் தின்றது. நாய் வளர்த்த யப்பான் ஆச்சி ஒரு பொழுதுபோக்கை இழக்காமல் இருக்கப் பாடுபட்டார். இங்கே வருத்தக்காரரை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகப் பாடுபட்டார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஆனால் ஒரு இடத்தில் ஒப்பிடத்தான் வேணும். ஐபோவின் கழுத்தை எப்படிக் கழற்றுவது என்று இன்றைக்கு ஒருவர் தேடினால் படத்தோடு கிடைக்கும். ஏ40இன் காபரேற்றரை மண்ணெண்ணெய்க்கு எப்படி மாத்தினார்கள்? எந்தத் துவாரத்தைப் பெருப்பித்தார்கள்? எவ்வளவு சூடானதும் எண்ணெயை மாத்தலாம்? குளிர்ந்த பிறகு எஞ்சினுக்குள் தங்கிய மண்ணெண்ணெயை என்ன செய்தார்கள்? எங்களுக்குக் கிடைப்பது "அப்ப நாங்கள் மண்ணெண்ணெயில ஓடினாங்கள்" என்ற ஒரு வரி. நினைவு இருக்கு, செய்முறை இல்லை.

ஏன் எழுதப்படவில்லை என்பதற்கு நியாயம் உண்டு. தொழில் கை வழியாகத்தான் பழக்கப்பட்டது; பக்கத்தில் நின்று பார்த்த பெடியனுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. எழுதக் கொப்பியே தட்டுப்பாடான காலம். எழுதியிருந்தாலும் 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனம் அடையாள அட்டையையும் உறுதியையும் எடுத்ததே பெரிய விசயம். கராஜ் கொப்பியை ஆர் தூக்கினது? பிறகு பக்கத்தில் நின்ற பெடியன் கனடாவுக்கோ சுவிசுக்கோ போய்விட்டான்.

இரும்புச் சாமானுக்கு ஒரு வசதி இருந்தது. பொனற்றைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும். எழுதாவிட்டாலும் அடுத்தவர் பார்த்துப் பிடிக்கலாம். இப்ப எங்கட வீடுகளுக்கு வாற சாமான் அப்படி இல்லை. கூரையில் போட்ட சோலாரின் இன்வேற்றர் தூரத்துச் சேர்வரோடு கதைக்கிறது. வாசல் கமரா ஒரு செயலி இல்லாமல் வேலை செய்யாது. அந்தக் கொம்பனி நாளைக்கு மூடினால் யாழ்ப்பாணத்து மெக்கானிக்கின் கைத்திறன் அங்கே எடுபடாது. வெக்டருக்கு எழுதின மாதிரி, சாமான் உயிரோட இருக்கும்போதே ஒருத்தர் திறந்து பாத்து எழுதினால்தான் உண்டு. சில நாடுகளில் இதற்குச் சட்டம் வரத் தொடங்கியிருக்கிறது: 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் திருத்தும் உரிமைக்கான நெறிமுறையை நிறைவேற்றியது. எங்கட சந்தைக்கு வரும் சாமானுக்கும் அது தேவை என்று கேட்க வேண்டியவர்கள் நாங்கள்.

பழையதைப் பதிவதற்கு எங்களிடம் இடம் இல்லாமல் இல்லை. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் வருடிச் சேர்த்து வைத்திருக்கிறது. ஒலி, ஒளி, படங்களுக்கு ஆவணகம் இருக்கிறது. கவிதைப் புத்தகத்தைப் பாதுகாக்க வேணும் என்று எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை. காபரேற்றரையும் அதே மாதிரிப் பாதுகாக்க வேணும் என்பதுதான் இன்னும் உறைக்கவில்லை. கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இது எங்கட வேலை இல்லை என்று தோன்றலாம். வாய்மொழி வரலாறு எடுக்கப் பழகினவர்கள் நாங்கள்தானே. கேள்வியை மட்டும் மாத்த வேணும்.

"அந்தக் காலம் கஷ்டமா ஐயா?" எண்டு கேட்டால் "ஓம் தம்பி, சரியான கஷ்டம்" எண்டுதான் பதில் வரும். அதைவிட, பழைய சாமான் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். டைனமோ, லான்ட்மாஸ்ரர் எஞ்சின் பாகம், ஒரு காபரேற்றர், எதுவெண்டாலும். "இதை எப்பிடி ஐயா கழட்டினனீங்கள்? முதல் எந்த ஆணி? பாகம் இல்லாட்டி எதை வைச்சுச் செய்தனீங்கள்? எங்க பிழைச்சது?" எண்டு கேளுங்கோ. அவர் கழற்றும்போது கையைப் படமெடுங்கள், முகத்தை இல்லை. சொல்கிற ஒழுங்கிலேயே எழுதுங்கள், அவர் பாவிக்கும் சொல்லிலேயே எழுதுங்கள். மூன்று இடத்தில் பிரதி வையுங்கள்.

1990இல் 30 வயதாக இருந்த மெக்கானிக் ஒருவருக்கு இப்ப 65க்கு மேல். கேட்கப் போகிறதெண்டால் இந்த லீவுக்கே போவோம்.